போர்க்காலப் படமும் உறவினர் முகமும்

போர் முடிந்து பல்லாண்டுகள் கழிந்தபின் ஒரு குடும்பத்தின் கையில் எஞ்சி நிற்பவை மிகச் சிலவே. அவற்றுள் ஒன்று பழைய நிழற்படம். காக்கிச் சட்டையணிந்த இளைஞர் மூன்று வரிசையாக அதில் நிற்பர். முன்வரிசையில் அதிகாரிகள் நாற்காலிகளில் அமர்ந்திருப்பர். படத்தின் பின்புறத்தில் பெயர் எதுவும் இராது. அதனைக் கையிலெடுத்த ஒருவர் இரண்டாம் வரிசையிலுள்ள ஒரு முகத்தைச் சுட்டி, “இவர்தாம் எங்கள் உம்மாவின் மூத்த காக்கா” என்று கூறுகிறார். வீட்டார் யாவரும் மகிழ்கின்றனர். ஆயின், அக்கூற்று எவ்வாறு உண்மையென நிலைபெறும்? இது குடும்பப் பற்றோடு மட்டும் தொடர்புடைய வினாவன்று. சான்றுகளை ஆராய்ந்து முடிவு காணும் வரலாற்றுக் கலையின் அடிப்படை வினாவும் இதுவே.

தமிழர் தருக்க நெறி இவ்வினாவிற்கு ஏற்ற கருவிகளை முன்னரே வகுத்துவைத்துள்ளது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாச்சாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், அளவைகளைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்குகிறது. கண்ணால் கண்டறிவது காட்சி. கண்ட அடையாளத்தைக் கொண்டு காணாததை உய்த்துணர்வது கருதல். நம்பத்தக்கார் கூற்றால் அறிவது உரை. காட்சியிலும் ஐயக்காட்சி, திரிவுக்காட்சி என்னும் குறைபாடுகள் உண்டு. தொலைவில் நிற்பது மரக்கட்டையோ மனிதனோ எனத் தடுமாறுவது ஐயம். கயிற்றைப் பாம்பென்றே துணிந்துவிடுவது திரிவு. பழைய படத்தில் உறவினரைத் தேடுவோர் பெரும்பாலும் ஐயத்தில் தொடங்கித் திரிவில் முடிகின்றனர். மூன்று அளவைகளும் ஒருங்கே துணைநின்றால் மட்டுமே அவர்தம் துணிபு உறுதிபெறும்.

இலங்கையின் கிழக்குக் கரையில் இவ்வாய்வு தனிச் சிறப்புடையது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலோரமாக நீண்டுசெல்லும் ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே, 1892ஆம் ஆண்டு விபுலாநந்த அடிகள் பிறந்த காரைதீவு உள்ளது. வயலும் கடலும் கைத்தறியும் இக்கரையின் வாழ்வு. எனினும் உலகப் போர் இக்கரையை எட்டாமற் போகவில்லை. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பும், ஏப்ரல் 9ஆம் நாள் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அவ்விரண்டாம் நாளிலேயே ‘ஹேர்மிஸ்’ என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கியது. 300க்கு மேற்பட்டோர் அதனோடு மாண்டனர். கல்முனைக்கு வடக்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள நகரின் கடலிலேயே போர் நிகழ்ந்தது எனலாம். சில ஆயிரம் பேருடன் இருந்த இலங்கைப் பாதுகாப்புப் படை, போர் முடிவதற்குள் ஏறத்தாழ 26,000 பேராகப் பெருகியது. காலாட்படை, கோட்டைப் பீரங்கிப்படை, பொறியியற்படை, மருத்துவப்படை, வழங்கற்படை எனப் பல பிரிவுகள் அதில் இருந்தன. பட்டாளத்திற் சேர்ந்த இளைஞர் படமெடுத்து வீட்டுக்கு அனுப்புவது உலகெங்கும் நிலவிய வழக்கம்.

அத்தகைய படத்தை இக்கரையில் எவ்வீட்டில் தேடுவது? இவ்வினாவிற்கு விடை காண, இவ்வூர்களின் குடிமுறையை முதற்கண் அறிதல் வேண்டும். கிழக்குக் கரை முஸ்லிம்களிடையே குடி என்பது தாய்வழியே வருவது. மகனும் மகளும் தாயின் குடியையே சேர்வர். பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பாக மரைக்காயர்மார் இடம்பெறுவதும் மரபு. இம்முறை அயலிலுள்ள தமிழ் இந்துக்களுக்கும் பொதுவானது. மட்டக்களப்பின் முக்குவர் சட்டம் தாய்வழி உரிமையைக் கொண்டிருந்தமை பலரும் அறிந்ததே. வீடு பெண்ணுக்குச் சீதனமாகச் செல்கிறது. ஆண்மகன் மணமானதும் மனைவி வீட்டிற் குடிபுகுகிறான்.

மணமாகாத நிலையில் பட்டாளத்திற் சேர்ந்த ஒருவன், தன் படத்தைத் தாய்க்கே அனுப்பியிருப்பான். தாயின் வீடும் வீட்டிலுள்ள பெட்டகமும் அவன் சகோதரிகளுக்கு உரியனவாகின்றன. திரும்பிவந்தவனோ மணம்புரிந்து வேறொரு வீட்டிற்குச் சென்றுவிடுகிறான். அவனுடைய சொந்தப் பிள்ளைகள் அவ்வேறு வீட்டிற் பிறந்து, தம் தாயின் குடியைச் சேர்கின்றனர். ஆகவே, அவனைத் தேடும் பேரப்பிள்ளைகள் ஓரிடத்திலும், அவனுடைய இளமைப் படம் சகோதரியின் மகள்வழி வந்த மற்றோரிடத்திலும் இருத்தல் கூடும். தந்தைவழியை மட்டும் பின்பற்றித் தேடுவோர் வெறுங்கையுடன் திரும்புவதற்கு இஃதொரு காரணமென்று கருத இடமுண்டு. மேலும், உயிருடையவற்றின் உருவங்களைச் சுவரில் மாட்டிவைப்பதை மார்க்கப் பற்றுடைய வீடுகள் பல விரும்புவதில்லை. எனவே படங்கள் கண்முன் தொங்காமல், காணியுறுதிகளோடும் பிறப்புப் பத்திரங்களோடும் பெட்டகத்தினுள்ளே உறங்குகின்றன. நாள்தோறும் கண்டு பெயர் சொல்லிப் பழகாத முகம், ஒரு தலைமுறை மறைந்ததும் பெயரிழந்துவிடுகிறது.

இனி, மூன்று அளவைகளுள் காட்சியின் ஆற்றலையும் குறையையும் நோக்குவோர்க்கு, உலகறிந்த ஒரு போர்க்காலப் படம் சிறந்த எடுத்துக்காட்டாகும். 1945ஆம் ஆண்டு பெப்ரவரி 23ஆம் நாள், பசிபிக் மாகடலிலுள்ள இவோ ஜிமாத் தீவின் சூரிபாச்சி மலைமீது அமெரிக்கக் கடற்படைக் காலாள் வீரர் கொடி நாட்டினர். அக்காட்சியை ஜோ ரோசந்தால் என்னும் செய்திப் படப்பிடிப்பாளர் எடுத்தார். இரு நாட்களுள் அப்படம் அமெரிக்கச் செய்தித்தாள்களில் வெளியாயிற்று. படத்திலுள்ள அறுவரின் முகங்கள் பெரும்பாலும் மறைந்துள்ளன. கம்பத்தின் அடியில் குனிந்து நிற்பவரின் முதுகுப்புறமே தெரிகிறது. டெக்சஸ் மாநிலத்தில் அப்படத்தைச் செய்தித்தாளிற் கண்ட பெல் புளொக் என்னும் தாய், அம்முதுகு தன் மகன் ஹார்லனுடையதே என்றார். வீட்டாரும் அதனை நம்பவில்லை. படைத்துறையோ அவ்விடத்தில் நின்றவர் ஹென்றி ஹான்சன் என்று அறிவித்தது. ஹார்லன் புளொக், ஹான்சன் ஆகிய இருவரும் 1945 மார்ச் 1ஆம் நாளே அத்தீவில் மாண்டுவிட்டனர். தாமே சொல்லக்கூடிய நிலையில் இருவருமில்லை.

1946ஆம் ஆண்டில், கொடி நாட்டிய அறுவருள் ஒருவரான ஐரா ஹேய்ஸ் புளொக்கின் தந்தையைத் தேடிச்சென்று, அது ஹார்லனே என்னும் உண்மையை உரைத்தார். அதன்பின் படைத்துறை விசாரணை நடத்தி, 1947ஆம் ஆண்டில் தன் முடிவைத் திருத்தியது. தாயின் காட்சி வென்றது. பிள்ளைப் பருவம் முதல் தூக்கி வளர்த்த உடலைத் தாய்க்கண் முதுகை நோக்கியும் அறியும் என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

ஆயினும் இவ்வரலாறு இத்துடன் முடியவில்லை. ஹான்சனுக்கும் ஒரு தாய் இருந்தார். தம் மகன் அப்படத்தில் நிற்கிறான் என்று அவர் ஏறத்தாழ ஈராண்டு நம்பியிருந்தார். பின்னர் அப்பெயர் நீக்கப்பட்டது. ஹான்சன் அதே நாளில் அம்மலையில் ஏற்றப்பட்ட முதற்கொடியோடு தொடர்புடையவர். எனவே முதலில் நேர்ந்த பிழை எளிதில் நேரக்கூடியதே. அதன்பின் எழுபது ஆண்டுகள் எவரும் ஐயுறாதிருந்த ஏனைய பெயர்களும் நிலைக்கவில்லை. படத்திலுள்ளவர் ஜோன் பிராட்லி அல்லர், ஹரல்ட் ஷூல்ட்ஸ் என்று 2016ஆம் ஆண்டிலும், ரெனே கான்யோன் அல்லர், ஹரல்ட் கெல்லர் என்று 2019ஆம் ஆண்டிலும் படைத்துறை அறிவித்தது. ஷூல்ட்ஸும் கெல்லரும் அதற்குப் பல்லாண்டுகள் முன்னரே காலமாகிவிட்டனர். தொப்பி, இடைவார், காற்சட்டையின் மடிப்பு, விரலிலிருந்த திருமண மோதிரம் ஆகிய சிறு அடையாளங்களை, அதே வேளையில் எடுக்கப்பட்ட பிற படங்களோடு ஒப்பிட்டே இம்முடிவுகள் பெறப்பட்டன. உலகிலேயே மிகுதியாக அச்சிடப்பட்ட படங்களுள் ஒன்றில், அரசாங்கமே மும்முறை பெயரைத் திருத்தவேண்டியதாயிற்று. அங்ஙனமாயின், பெட்டகத்திற் கிடந்த படத்தில் ஒரே பார்வையிற் பெயர் சூட்டுவது எத்துணை அரிய துணிவு!

இவ்வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. படத்திலுள்ள ஒரு முகத்திற்கு ஒரு பெயரைச் சூட்டுவது, அப்பெயரை உடையவனுக்கு மட்டும் செய்யும் செயலன்று. அதே முகத்திற்கு உரிமையுடைய மற்றொரு வீடு எங்கேனும் இருத்தல் கூடும். தவறாகச் சூட்டிய பெயர் அவ்வீட்டாரின் மகனை மறைத்துவிடுகிறது. ஆதலால், இனங்காண்பவன் தன் குடும்பத்திற்கு மட்டுமன்றி, அறியாத அயலாருக்கும் கடமைப்பட்டவனாகிறான்.

காட்சி திரிவதற்குரிய காரணங்கள் பல. பழைய படச்சுருள்களுள் ஒருவகை சிவப்பு ஒளியை உணராதது. அதனால் மாநிறத்தவரும் மிகக் கறுத்துத் தோன்றுவர். எனவே நிறத்தைக் கொண்டு ஒருவரை ஏற்பதும் விலக்குவதும் பிழையாகும். எதிர்ப்படலத்தைப் புரட்டிவைத்து அச்சிட்டிருப்பின் இடவலம் மாறிவிடும். ஆடவர் சட்டையின் பொத்தான் வரிசை எப்பக்கம் மூடியுள்ளதென நோக்கினால் இக்குறை வெளிப்படும். உடன்பிறந்தார் முகங்கள் ஒத்திருப்பதும் மயக்கத்திற்கு ஏதுவாகும். முதியவராகவே கண்டு பழகிய ஒருவரை இருபது வயது முகத்தில் தேடுவதற்கு இடைப்பருவப் படங்கள் பாலமாக அமைதல் வேண்டும். இலங்கையில் 1972ஆம் ஆண்டு முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டையின் படமும், ஹஜ் யாத்திரைக்கெனப் பெற்ற கடவுச்சீட்டின் படமும் இதற்குப் பெரிதும் உதவும். முகத்தின் பிற உறுப்புக்கள் பருத்தும் தளர்ந்தும் மாறினும், காதின் வடிவம் பெரிதும் மாறுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே பாரிசு நகரக் காவற்றுறையைச் சேர்ந்த அல்போன்சு பெர்த்தியோன், ஆளை அடையாளங்காணக் காதின் வடிவைச் சிறப்பாகப் பயன்படுத்தினார்.

அடுத்தது கருதல். இங்கு முகத்தை விடுத்து உடையையும் சூழலையும் ஆராய்தல் வேண்டும். முழங்கால் வரை துணிப்பட்டை சுற்றிய கால்கள் முதலாம் உலகப் போர்க் காலத்தை நினைவூட்டும். கணுக்காலளவில் அமைந்த குறும்பட்டையோ உறையோ இரண்டாம் போர்க்காலத்தது எனக் கொள்ளத்தகும். கையிலுள்ள ஒரு வரி லான்ஸ் கோப்ரலையும், இருவரி கோப்ரலையும், மூவரி சார்ஜன்டையும் குறிக்கும். மார்பில் 1939–45 போர்ப்பதக்கத்தின் நாடா காணப்படின் அப்படம் 1945 ஓகஸ்டு மாதத்திற்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. அப்பதக்கம் அம்மாதத்திலேயே நிறுவப்பெற்றது. தொப்பிச் சின்னமும் தோட்பட்டை எழுத்துக்களும் படைப்பிரிவைக் காட்டும்.

இவற்றை நோக்காதவர் பிறநாட்டாரையே தம் உறவினராகக் கொள்ளும் இடரும் உண்டு. போர்க்காலத்தில் இலங்கையில் இலங்கைப் படையினர் மட்டும் இருந்திலர். 1942ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியப் படையணிகள் இரண்டு சில மாதங்கள் இங்குத் தங்கின. இந்தியப் படையினரும் வந்திருந்தனர். கிழக்காபிரிக்கப் படையின் 11ஆம் பிரிவு இலங்கையிற் பயின்று 1944ஆம் ஆண்டில் பர்மாப் போர்முனைக்குச் சென்றது. ஒரே வகைக் காக்கிக் குறுங்காற்சட்டையை இவர்களிற் பலரும் அணிந்தனர். இலங்கையில் எடுத்த படம் என்பதனால் மட்டும் அதிலுள்ளோர் இலங்கையர் ஆகிவிடார்.

மூன்றாவது உரை. எழுத்துரை, வாயுரை என இஃது இருவகைப்படும். எழுத்துரையைத் தேடுவோர் முதற்கண் ஊரின் நிருவாக வரலாற்றை நினைவிற்கொள்ளல் வேண்டும். அம்பாறை மாவட்டம் 1961ஆம் ஆண்டில் அமைந்தது. அதற்குமுன் கல்முனைப் பகுதி மட்டக்களப்பு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. ஆகவே போர்க்காலப் பதிவுகளில் அம்பாறை என்று தேடுவது பயனற்றது. இலங்கைப் பாதுகாப்புப் படையும் 1949 ஒக்தோபர் மாதத்தில் இலங்கை இராணுவம் அமைந்தபோது மறைந்துபோன பெயராகும்.

பெயர்களும் சிக்கலுடையனவே. இக்கரை முஸ்லிம்களிடையே குடும்பப்பெயர் வழக்கு இல்லை. தந்தை பெயரே முன்னெழுத்தாக நிற்கிறது. முகம்மது, இபுறாகீம், மீராலெப்பை, ஆதம்பாவா முதலாய பெயர்கள் ஊர்தோறும் பலருக்கு உரியன. ஆங்கிலத்தில் எழுதிய எழுத்தர் தத்தம் காதுக்கேற்ப ஒரே பெயரைப் பலவாறு எழுதினர். மீராலெப்பை என்னும் ஒரு பெயரை இரண்டாகப் பிரித்து, லெப்பை என்பதைக் குடும்பப்பெயராகக் கொண்டு வேறோர் எழுத்தின்கீழ் அடுக்கிவிடுதலும் இயல்பு. வீட்டிலோ சின்னத்தம்பி போன்ற வேறொரு பெயரால் அவர் வழங்கப்பட்டிருப்பார். படத்தின் பின்புறத்தில் அவ்வீட்டுப் பெயர் மட்டும் இருப்பின், பட்டாளப் பதிவில் அதனைக் காண இயலாது. முழுப்பெயர், தந்தை பெயர், தாய் பெயர், குடி, வீட்டுப் பெயர் ஆகிய ஐந்தையும் ஒருங்கே எழுதிவைத்தாலன்றி, பதிவுக்கும் படத்துக்கும் இடையே பாலம் அமையாது.

வாயுரையைப் பெறும் முறையும் கவனத்திற்குரியது. “இவர் உங்கள் மாமாதானே?” என்று வினவின், முதியவர் மறுக்க மனமின்றித் தலையசைப்பர். “இவர்களுள் எவரையேனும் தெரியுமா?” என்று மட்டுமே வினவுதல் வேண்டும். இருவரை ஒருங்கே இருத்திக் கேட்பின் ஒருவர் சொல்லை மற்றவர் ஏற்பர். தனித்தனியே கேட்டுத் தனித்தனியே எழுதிக்கொள்வதே நெறி. ஒருவரையொருவர் கலந்துபேசாத இருவர் ஒரே முகத்தை ஒரே பெயரால் சுட்டுவாராயின், அவ்வுரைக்கு வலிமை மிகுதி.

இத்துணை முயற்சி எதற்கு என வினவுவோர்க்கு, பெயரின்றிப் போனவர்களின் தொகையே விடை கூறும். முதலாம் உலகப் போரின்போது செருமனியின் வூன்சுடோர்ப் சிறைமுகாமில் இந்திய, ஆபிரிக்க முஸ்லிம் கைதிகள் பலர் இருந்தனர். 1915ஆம் ஆண்டில் அங்கொரு பள்ளிவாசலும் எழுப்பப்பட்டது. அங்குப் பணியாற்றிய ஒட்டோ ஷ்டீல் என்னும் அதிகாரி கைதிகளைப் படமெடுத்து, 1916ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அப்படங்களில் அவர்கள் தனிமனிதராகவன்றி, இனங்களின் மாதிரிகளாகவே காட்டப்பட்டனர். ஈராக்கிலுள்ள பசுரா நினைவுச்சின்னத்தில் இந்திய அதிகாரிகளின் பெயர்கள் பொறிக்கப்பட்டன. சாதாரண இந்தியப் படைவீரரோ எண்ணிக்கையாகவே குறிக்கப்பட்டனர். பொதுநலவாயப் போர்க்கல்லறை ஆணைக்குழு 2021ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை, முதற் போரில் மாண்ட ஆபிரிக்க, மத்தியகிழக்கு நாடுகளைச் சார்ந்தோருள் குறைந்தது 1,16,000 பேர் பெயர்சுட்டி நினைவுகூரப்படவில்லை என ஒப்புக்கொண்டது. அத்தொகை 3,50,000 வரை இருக்கலாம் என்றும் கூறிற்று. படத்தில் முகமிருந்தும் பெயரில்லாமை ஒருபுறம். ஏட்டில் எண்ணிருந்தும் முகமும் பெயரும் இல்லாமை மறுபுறம்.

இழந்ததை மீட்டல் இயலாததன்று என்பதற்கும் சான்றுண்டு. பிரான்சின் விஞாக்கூர் என்னும் சிற்றூரில் லூயி துய்யே, அந்துவானெத் துய்யே என்னும் கணவனும் மனைவியும் முதற் போர்க்காலத்தில் படைவீரரைப் படமெடுத்து வந்தனர். அவர்களின் பண்ணைவீட்டுப் பரணில் 2011ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,000 கண்ணாடித் தகடுகள் கண்டெடுக்கப்பட்டன. பெயர்கள் குறிக்கப்படாத அப்படங்களை அவுஸ்திரேலியர் மக்கள்முன் வைத்தபோது, தம் வீட்டிலிருந்த படங்களோடு ஒப்பிட்டுப் பலர் தம் முன்னோரை இனங்கண்டனர். பல வீடுகளிற் சிதறிக்கிடந்த அறிவு ஓரிடத்திற் கூடியமையே அதன் வெற்றிக்குக் காரணம்.

கிழக்குக் கரையில் இத்தகைய முயற்சிக்குக் காலம் குறுகியது. 1978 நவம்பர் மாதச் சூறாவளியும், பின்வந்த போர்க்கால இடப்பெயர்வுகளும் வீடுகளைக் குலைத்தன. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுசென்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கடலோர வீதிகளில் வீடுகளோடு பெட்டகங்களும் போயின. எஞ்சிய படங்களையும், எஞ்சிய முதியோரின் நினைவையும் ஒருங்கே காத்தல் வேண்டும். படத்தின் இருபுறத்தையும் பிரதியெடுத்தல், மூலப்படத்தின்மேல் மைகொண்டு எழுதாமை, ஒட்டிக்கொண்ட படங்களை வலிந்து பிரிக்காமை, ஒவ்வொரு முகத்திற்கும் எண்ணிட்டுத் தனித்தாளில் சொன்னவர் பெயரையும் சொன்ன நாளையும் குறித்தல் ஆகியவை மாணவரும் எளிதிற் செய்யத்தக்க பணிகள். பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் இப்பணியில் ஒன்றுகூடலாம். ஒரு வரிசையில் தோளோடு தோள் நின்றோரைக் குடிவாரியாகவோ சமயவாரியாகவோ பிரித்துத் தேடுதல் இயலாது. ஒருவன் பெயர் மற்றொருவன் வீட்டிற் கிடைத்தல் கூடும்.

பிறர் நம்பி ஒப்படைத்த பொருளைத் தமிழர் அடைக்கலப்பொருள் என்பர். கிழக்குக் கரை முஸ்லிம்கள் அதனை அமானிதம் என்பர். பெயரறியா முகமும் அத்தன்மையதே. காட்சி, கருதல், உரை என்னும் மூன்றும் ஒத்தவழிப் பெயரை எழுதலாம். இரண்டு ஒத்து ஒன்று ஒவ்வாதவழி, ஐயக்குறியோடு எழுதலாம். மூன்றும் வாய்க்காதவழி, ‘பெயர் இன்னும் அறியப்படவில்லை’ என்று எழுதுவதே முறை. அவ்வெற்றிடம் அவ்வீரனுக்கு இழுக்காகாது. அவனுடைய வீட்டார் என்றேனும் வந்து அவனைப் பெயர்சொல்லி அழைத்துக்கொள்ள விட்டுவைத்த இடமே அது.